கையெழுத்துப் போட நான் யார்?

ரவி,

நீ பயணத் தேதியைச் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. கட்டாருக்குப் போகிறாய், இரண்டு வருட ஒப்பந்தம், சுகந்தி கலகெதர வீட்டிலேயே இருப்பாள், படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்கு அங்கிருந்தே போய் வருவாள் என்று வரிசையாகச் சொன்னாய். "வீட்டு விஷயம் என்ன செஞ்ச?" என்று கேட்டேன். "வீட்டுக்கு என்னம்மா? அவதான் இருக்காளே" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்புத்தான் என்னை எழுத உட்கார வைத்திருக்கிறது. நேரில் சொல்லத் தொடங்கினால் நீ கைபேசியைப் பார்ப்பாய், நான் கோபப்படுவேன், பேச்சு வேறெங்கோ போய்விடும். அதனால் எழுதுகிறேன். உறையை ஒட்டாமல்தான் தருகிறேன். சுகந்தியும் படிக்கட்டும்.

ஒரே வீட்டில் வாழ்கிறீர்களே, அவளைக் கல்யாணம் செய்துகொள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவளுடைய புருஷன் இத்தாலிக்குப் போய் விலாசம்கூடத் தராமல் மறைந்துவிட்டான். விவாகரத்து வழக்கு கோர்ட்டில் தவணைக்கு மேல் தவணையாக இழுபடுகிறது. அது முடியாமல் நீங்கள் நினைத்தாலும் பதிவு செய்ய முடியாது. அது எனக்கு நன்றாகவே விளங்கும். நானும் அப்படி ஒரு வாழ்க்கை வாழ்ந்தவள்தான். உன் அப்பா இறந்த பிறகு, நீ மாமா என்று கூப்பிட்ட சிவஞானத்தோடு நான் இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தது எந்தப் பதிவும் இல்லாமல்தான். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். விக்டோரியா நீர்த்தேக்க வேலைக்காகக் கண்டிக்கு மாறி வந்தவர். அவருடைய மனைவி பரமேஸ்வரி இரண்டு பிள்ளைகளோடு லண்டனுக்குப் போய்விட்டார். இருவருக்கும் இடையில் வாழ்க்கை முடிந்து வெகுகாலம் ஆகியிருந்தது, ஆனால் விவாகரத்து எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று யாரும் அவசரப்படவும் இல்லை. நாங்கள் சமைத்தோம், சாப்பிட்டோம், உன்னைப் படிக்க வைத்தோம். அக்கம்பக்கத்தில் என்னை "சிவஞானம் மிஸிஸ்" என்றுதான் கூப்பிட்டார்கள். சனங்கள் அப்படிக் கூப்பிடுவதே போதும் என்று இருந்துவிட்டோம்.

மாமாவுக்குக் கால் எடுத்தது உனக்குத் தெரியும். நீ அப்போது கொழும்பில் கடைசிப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய். ஒப்பரேஷன் நடந்தது, பிழைத்துக்கொண்டார் என்று மட்டும் சொன்னோம். அன்று ஆஸ்பத்திரியில் நடந்தது உனக்குத் தெரியாது. மாமா இருக்கும்வரை அதைப் பேச வேண்டாம் என்றார். இப்போது அவர் இல்லை, நீயும் போகப்போகிறாய்.

அவருக்குச் சீனி வருத்தம் இருந்தது, புண் வந்தால் லேசில் ஆறாது என்பது உனக்கு நினைவிருக்கும். தெல்தெனியாப் பக்கம் நில அளவை வேலைக்குப் போன இடத்தில் சப்பாத்துக்குள் கல் புகுந்து பாதத்தில் சின்னப் புண். மருந்து கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். விரல் கறுத்தது. "ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று நான் நச்சரித்தபோது, கட்டிலில் உட்கார்ந்து காலைப் பார்த்துக்கொண்டே, "எடுக்கச் சொன்னா எடுக்கட்டும். கால் இல்லாமலும் இருக்கலாம். பெடியன் கம்பஸ் முடிச்சு வாறதைப் பாக்க வேணும்" என்றார். பெடியன் என்றது உன்னைத்தான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மறுநாள் காய்ச்சல் ஏறி, பகலிலேயே பிதற்றத் தொடங்கினார். என்னை யாரென்று கேட்டார். பக்கத்து வீட்டுக்காரரின் வானில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கொழும்பிலிருந்த அவருடைய தம்பி குலசிங்கத்துக்கும் நான்தான் தகவல் சொன்னேன்.

டொக்டர் இளம் வயதுக்காரர், நல்ல மனிதர். நஞ்சு இரத்தத்தில் கலந்துவிட்டது, முழங்காலுக்கு மேலே எடுத்தால் பிழைக்கலாம், தாமதித்தால் சொல்ல முடியாது என்றார். "நீங்க மிஸிஸ்தானே?" என்று கேட்டார். "ஆமா டொக்டர்" என்றேன். எனக்கு அது பொய்யாகத் தோன்றவே இல்லை. சம்மதக் கடதாசியை எடுத்து எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரலால் காட்டினார். நான் பேனாவைக் கையில் எடுத்தபோது குலசிங்கம் வார்ட்டுக்குள் வந்தார். பஸ்ஸில் வந்த சட்டை கசங்கியிருந்தது, முகம் வெளிறியிருந்தது. அண்ணனைப் பார்த்தார், அழுதார். பிறகு என் கையிலிருந்த கடதாசியைப் பார்த்தார்.

"டொக்டர், இவ அண்ணாவின்ர மனைவி இல்லை. அண்ணி லண்டனில இருக்கிறா. நான் கூடப்பிறந்த தம்பி. காலை எடுக்க நான் விடமாட்டன். கொழும்புக்குக் கொண்டு போறன்."

"இந்த நிலைமையில கொண்டு போனா வழியிலயே ஏதும் நடக்கலாம்" என்றார் டொக்டர்.

"காலை எடுத்துப்போட்டு அவரை என்ன செய்யப் போறியள்? மலையும் காடும் நடந்து திரிஞ்ச மனுசன். எழும்பினோடனை எங்களைத்தான் திட்டுவார்."

"அவர் சொன்னாருங்க. நேத்துத்தான் சொன்னாரு, எடுத்தாலும் பரவாயில்லன்னு" என்றேன் நான்.

குலசிங்கம் என் பக்கம் திரும்பினார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "அக்கா, கையெழுத்துப் போட நீங்கள் ஆர்?" என்றார்.

பக்கத்துக் கட்டில்காரரின் உறவினர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். டொக்டர் என் கையிலிருந்து கடதாசியை மெதுவாக வாங்கிக்கொண்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஒருத்தி மனைவி என்கிறாள், ஒருவர் இல்லை என்கிறார், வெட்டப்போவதோ ஒரு மனிதனின் கால். அவர் என்ன செய்வார்? "சட்டப்படி மனைவி இருந்தா அவங்க சொல்லட்டும். ஃபாக்ஸ்ல அனுப்பினாலும் எடுத்துக்கிறேன். ஆனா பொழுது சாயிறதுக்குள்ள வரணும்" என்றார். உன் மாமாவின் சாப்பாட்டில் உப்பு கூடினதா குறைந்ததா என்பதிலிருந்து, எந்தப் பக்கம் சரிந்து படுத்தால் அவருக்கு மூச்சு வாங்கும் என்பது வரைக்கும் தெரிந்தவள் நான். அந்த வார்ட்டில் நான் அவருக்கு யாருமே இல்லை.

லண்டன் நம்பர் குலசிங்கத்திடம் இருந்தது. நான் போய்க் கேட்டேன். தருவார் என்று நினைக்கவில்லை. "பேசுங்கோ. அண்ணி என்ன சொல்லுவா எண்டு எனக்குத் தெரியும்" என்று எழுதித் தந்தார். பரமேஸ்வரி முகத்தில் அடித்தாற்போல் போனை வைத்துவிடுவார் என்ற நிச்சயத்தில்தான் தந்தார். எனக்கும் அதே நிச்சயம்தான். ஆனாலும் வேறு வழி இருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு எதிரே போனும் ஃபாக்ஸும் வைத்திருந்த ஒரு கொமியுனிகேஷன் கடை இருந்தது. நான் கூண்டுக்குள் நின்று பேச, குலசிங்கம் கண்ணாடிக்கு வெளியே நின்றார்.

மறுமுனையில் "ஹலோ" என்ற குரல் கேட்டது. "நான் கண்டியில இருந்து பேசுறேங்க" என்றேன். வைத்துவிட்டார் என்று நினைத்தபோது, "ஆர் எண்டு தெரியும். அவருக்கு என்ன?" என்றார்.

சொன்னேன். கால், நஞ்சு, டொக்டர் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"குலம் என்ன சொல்லுறான்?"

"கொழும்புக்குக் கொண்டு போகணும்ங்கிறார்."

"அவர் உங்களட்ட ஏதும் சொன்னவரோ?"

அவர் கட்டிலில் உட்கார்ந்து சொன்னதைச் சொன்னேன். பெடியன் கம்பஸ் முடிப்பதைப் பார்க்க வேண்டும் என்றதையும் சொன்னேன். அந்த வார்த்தையை விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அவருக்கு அங்கே சொந்தப் பிள்ளைகள் இருக்கும்போது, அவர் என் பிள்ளையைப் பற்றிச் சொன்னதை அந்தத் தாயிடமே எப்படிச் சொல்வது? ஆனால் அவர் சொன்னது அதுதான். மாற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

பரமேஸ்வரி அதை முழுவதும் கேட்டார். பிறகு, "நீங்கள் என்ன நினைக்கிறியள்?" என்றார்.

"எடுக்கணும்ங்க. உயிரோட வேணும்."

"ஃபாக்ஸ் நம்பரைச் சொல்லுங்கோ. எழுதி அனுப்புறன்." நம்பரைச் சொன்னேன். வைக்கப் போகும்போது மறுபடி பேசினார். "உங்களுக்காக இதைச் செய்யேல்லை. என்ர பிள்ளையளுக்குத் தேப்பன் இருக்க வேணும். அதுக்காகத்தான்."

அந்த ஃபாக்ஸ் வரும்வரை நாங்கள் இருவரும் அந்தக் கடையில் நின்றதை நான் எப்படிச் சொல்வேன், ரவி? யாரோ ஒருவர் உள்ளூர்க் காரியம் ஒன்றுக்காக அந்த மெஷினைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தார். முடியுங்கள் என்று கெஞ்சினேன். வெளியே வெயில் சாய்ந்துகொண்டு வந்தது. வார்ட்டுக்குப் போய்ப் பார்ப்பதா, இங்கே நிற்பதா என்று தெரியாமல் தவித்தேன். கடைசியில் காகிதம் வெளியே வந்தபோது குலசிங்கம்தான் அதைக் கிழித்து எடுத்துப் படித்தார். அண்ணியின் கையெழுத்தை அவருக்குத் தெரியும். அதை அவர் கசக்கிப் போட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அவர் அதை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்து எனக்கு முன்னால் ஓடினார். நான் பின்னால் ஓடினேன். அன்றே கால் எடுத்தார்கள். மாமா பிழைத்தார். நீ பட்டம் வாங்கி வந்தபோது ஊன்றுகோலோடு வாசலில் வந்து நின்றாரே, அது பரமேஸ்வரி போட்ட கையெழுத்தால்.

வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து பேசும் அளவுக்குத் தேறியதும் அவர் முதலில் கேட்டது, தனக்குப் பின் வீடு எனக்கு வர மரண சாசனம் எழுத நொத்தாரிசைத்தான். அலவத்துகொடையிலிருந்து பாரூக் லோயர் வந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னது எங்களுக்குப் புதிது. "நீங்க யாழ்ப்பாணத்து ஆள். ஒங்களுக்குத் தேசவழமைச் சட்டம் பொருந்தும். கலியாணத்துக்குப் பொறகு தேடின சொத்துல பாதி மனிசிக்குப் போற. அத ஒங்களுக்கு எழுத ஏலா. ஒங்கட பாதிய மட்டும்தான் எழுதலாம்." இந்த வீடு அரசாங்க உத்தியோகத்தர் கடனில் அவர் பெயரில் வாங்கியது. என் சம்பளமும் இதில் போயிருக்கிறது என்பதற்கு வீட்டு உறுதிப் பத்திரத்தில் ஒரு எழுத்துக்கூட இல்லை. அவர் இறந்தால் கிடைக்கும் விதவை ஓய்வூதியமும் சட்டப்படி மனைவிக்குத்தான், அதை எந்த மரண சாசனமும் மாற்றாது என்றும் பாரூக் சொன்னார். மாமா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். "என்ர பாதியை எழுதுங்கோ" என்றார்.

சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். நான் போடுகிறேன் என்று சும்மா சொல்லிவிட்டேன். பாரூக் கையைத் தூக்கி நிறுத்தினார். "நீங்க சாட்சி வெச்சா ஒங்களுக்கு எழுதினதே செல்லாமப் போகும்மா. கையெழுத்து வைக்கிற நேரம் நீங்க இந்த அறையிலயும் இரிக்க வாணாம். நாளைக்கி யாரும் நீங்க சொல்லிக் குடுத்ததுன்டு பேசக் கூடாது." அப்போது மாமா, "ஒரு சாட்சி என்ர தம்பி" என்றார். நான் பாரூக்கின் முகத்தைப் பார்த்தேன். பாரூக் சிரித்தார். "நல்ல யோசின. அவர் சாட்சி வெச்சா, அண்ணனுக்கு மூள சரியில்லாத நேரம் எழுதினதுன்டு அவரே பொறகு சொல்ல ஏலா."

குலசிங்கம் வந்தார். என்ன விஷயம் என்று வந்த பிறகுதான் அவருக்குச் சொன்னார்கள். நான் குசினியில் நின்றேன். கதவு முழுக்கச் சாத்தவில்லை. பாரூக் சாசனத்தை வாசித்து முடித்ததும் குலசிங்கத்தின் குரல்: "பிள்ளையளுக்கு ஒண்டும் இல்லையோ, அண்ணா?"

"பிள்ளையளுக்குத் தாயின்ர பாதி இருக்கு."

"ஊருக்கு நான் என்ன சொல்லுறது?"

"ஊர் எனக்குக் கஞ்சி காய்ச்சித் தரேல்லை. நீ வைக்காட்டி ரோட்டில போற ஒருத்தரைக் கூப்பிட்டு வைப்பிப்பன். ஆனா நீ வைச்சால்தான் எனக்கு நிம்மதி."

கதிரை நகர்ந்தது. எழுந்து போகிறார் என்றே நினைத்தேன். அடுப்பில் தேத்தண்ணி பொங்கி வழிந்தது, நான் அதை இறக்கவில்லை. பிறகு பாரூக், "இந்த எடத்துல" என்று சொல்வது கேட்டது. குலசிங்கம் மேசைப் பக்கம் கதிரையை இழுத்திருந்தார்.

மாமா போனபோது நடந்ததை நீயே பார்த்தாய். லண்டனிலிருந்து மகன் வந்து கொள்ளி வைத்தான். பத்திரிகையில் வந்த மரண அறிவித்தலில் "பரமேஸ்வரியின் அன்புக் கணவர்" என்று இருந்தது, என் பெயர் எங்கேயும் இல்லை. நீ கொதித்தாய். நான்தான் உன்னை அடக்கினேன். அறிவித்தலில் பெயர் வைக்கிற சட்டம் எதுவும் இல்லை. ஆனால் அந்தச் சாசனம் இருந்ததால் என்னை வீட்டை விட்டுப் போகச் சொல்ல யாராலும் முடியவில்லை. குலசிங்கம் கோர்ட்டுக்கு வந்து, அது தன் கையெழுத்துத்தான் என்று சொன்னார். அதே நேரம், இந்த வீட்டின் மற்றப் பாதி இன்றைக்கும் பரமேஸ்வரியுடையது. அவர் விற்கக் கேட்டால் நான் எழும்ப வேண்டியதுதான். இதுவரை கேட்கவில்லை. கடைசிவரை கேட்காமல் இருப்பார் என்று நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு மழைக்கும் கூரை ஓடுகளை மாற்றுகிறேன். ஒருவருடைய நல்ல மனதை நம்பிக் குடியிருப்பது எப்படிப்பட்ட குடியிருப்பு என்று எனக்குத் தெரியும்.

இனி உன் கதைக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை நான் பாரூக் லோயரிடம் போனேன். நீ கோபப்படுவாய், பரவாயில்லை. கலகெதர வீடு உன் பெயரில் மட்டும் இருக்கிறது, சுவர் எழும்பியது அவள் சம்பளத்தையும் சேர்த்துத்தான், பையன் வெளிநாட்டுக்குப் போகிறான், அவனுக்கு ஏதும் ஆனால் யாருக்குப் போகும் என்று கேட்டேன். அவருக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். இரண்டு தரம் கேட்க வேண்டியிருந்தது.

"அந்தப் புள்ளைக்கு ஒன்னும் போகாதும்மா" என்றார். "மகனுக்குக் கலியாணம் பதியல்ல, கூடப்பொறந்தவங்க இல்ல, வாப்பா இல்ல. ஒங்களுக்குத்தான் வரும்."

எனக்கு. அந்த வீட்டில் ஒரு நாள்கூடத் தங்காத எனக்கு. அவள் வைத்த கறிவேப்பிலை மரத்துக்கும், அவள் தெரிந்தெடுத்த ஜன்னல் கம்பிக்கும் நான் சொந்தக்காரி.

"எனக்கு வேணாம்னு இப்பவே எழுதிக் குடுத்துர்றேன்" என்றேன். பாரூக் தலையை ஆட்டினார். "உசிரோட இரிக்கிற மனுசன்ட சொத்த வேணான்டு முன்கூட்டி எழுத ஏலா. எழுத வேண்டியது ஒங்கட மகன்."

ஆகவே, எழுத வேண்டியது நீ. போவதற்கு முன் மரண சாசனம் எழுது. சுகந்தி அதில் சாட்சி வைக்கக் கூடாது என்பதை மறக்காதே. முடிந்தால் வீட்டு உறுதியிலேயே அவள் பெயரையும் சேர்க்க வழி இருக்கிறதா, வங்கிக் கடன் இருக்கும்போது அது முடியுமா என்று கேள். நீ அங்கே இருக்கும்போது இங்கே பணம் எடுக்கவும் வரி கட்டவும் உன் சார்பில் கையெழுத்துப் போட அவளுக்கு அற்றோர்ணி தத்துவம் கொடு. ஆனால் அதை மட்டும் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்காதே. உன் மூச்சு இருக்கும்வரைதான் அது செல்லும். கம்பனியில் அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்கும் இடத்தில் பழக்க தோஷத்தில் என் பெயரை எழுதிவிடாதே. நாளைக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அதன் பத்திரத்தில் யார் பெயர் வரும், சட்டம் அந்தப் பிள்ளையை யாருடையது என்று சொல்லும் என்பதையும் இப்போதே பாரூக்கிடம் கேட்டுக்கொள். சுகந்தி இன்னும் கடதாசியில் வேறொருவனின் மனைவி. கேட்க வெட்கமாக இருக்கும். கேள். அதே மாதிரி அவளும் தன் பக்கத்தை எழுதட்டும், அவள் சம்பளத்தில் பிடிக்கும் சேமலாப நிதி இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கட்டும்.

"அம்மா இருக்கிறா, அம்மா பார்த்துக்கொள்ளுவா" என்று நீ நினைக்கிறாய். அங்கேதான் எனக்குப் பயம். குலசிங்கம் கெட்ட மனிதர் இல்லை, ரவி. என்னை அக்கா என்று கூப்பிட்டவர், எங்கள் வீட்டில் கைநனைத்தவர். அண்ணன் போய்விடுவான் என்ற பயத்தில்தான் அவர் வாயில் அந்தக் கேள்வி வந்தது. உனக்கு ஏதும் நடந்தால் எனக்குப் புத்தி எந்தப் பக்கம் போகும் என்று எனக்கே தெரியாது. சுகந்தி முதல்முதல் இங்கே வந்தபோது எனக்கு அவளைப் பிடிக்கவில்லை என்பதை நீயும் அறிவாய், அவளும் அறிவாள். இப்போது பிடிக்கும். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவள் எதையும் பேசுவாள். அவளால்தான் கடன் பட்டான், அவளால்தான் பாலைவனத்துக்குப் போனான் என்று நான் சொல்லக்கூடும். உறவுக்காரர்கள் வந்து, உன் மகன் வீடு, நீ ஏன் விடுகிறாய் என்பார்கள். அந்த நேரம் சட்டம் அவள் வீட்டுச் சாவியை என்னிடம் தரும்.

நான் நல்லவளாக நடந்துகொள்வேன் என்றே நினைக்கிறேன். அதை நம்பி அவளை விட்டுவிட்டு நீ விமானம் ஏற வேண்டாம். வியாழக்கிழமை காலை பாரூக் லோயர் கந்தோரில் இருப்பார். நீ வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

அம்மா